சாலவாக்கத்துச் சுவரில் ஒரு சீன ஜெனரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேடம் எங்கள் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் பெரியப்பாவை அழித்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் ஒரு படத்தைத் திறப்பாள். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு கட்டைவிரல் அசையும், படம் போய்விடும். அடுத்த படம் வரும். பெரியப்பா தோசைக்கல் மாதிரி ஒரு தொப்பியோடு, பெரியப்பா நாய்க்குட்டியோடு, பெரியப்பா யாருடைய கல்யாணத்திலோ வாயில் சோறோடு. நான் எதிரே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி போனேன். என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஏதோ கம்பெனி வேலை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேடம் யார் என்று சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊர் சாலவாக்கத்தில் எனக்குப் பெயர் சைனா டாக்டர். மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போய், படித்து முடித்து, திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் எழுந்திருப்பதை நிறுத்திக்கொண்டவன். மருத்துவம் ஒட்டவில்லை, மொழி ஒட்டிக்கொண்டது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சீனாவிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கியபோது, அவற்றோடு வந்த பொறியாளர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று பேச ஆள் தேவைப்பட்டது. அப்படி வேலை கிடைத்தது. ஊசி போடுகிறவன் ஆகவேண்டியவன் ஊமைகளுக்கு நடுவில் வாயாக ஆனான் என்று என் சித்தப்பா சொல்லிச் சிரிப்பார்.

மேடம் அந்தப் பொறியாளர்களில் ஒருத்தி. என்னைவிடச் சின்னவள். ஆனாலும் தொழிற்சாலையில் எல்லோருக்கும் மேடம், அதனால் எனக்கும் மேடம். இயந்திரத்தின் வயிற்றில் கையை விட்டுவிட்டு அது எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூடியவள். சாப்பாடுதான் அவளுக்குப் பேஜார். கேன்டீன் சாம்பாரைப் பார்த்தாலே முகம் சுருங்கும். பாவமாக இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அன்று எங்கள் ஏரியில் மீன் பிடித்திருந்தார்கள். அம்மா விரால் குழம்பு வைத்திருந்தாள். மேடம் தலைத்துண்டை எடுத்து, கண்ணை உறிஞ்சி, முள் முள்ளாகப் பிரித்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்தாள். அம்மா அப்படியே நின்று பார்த்தாள். மருமகளாக வரப்போகிறவளிடம் தேடக்கூடிய எல்லா நல்ல குணமும் அந்த மீன் தலையிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போல. நான் கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் ஞாயிறு என்றால் மேடம் எங்கள் வீட்டில்தான்.

அவள் அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா வீடியோவில் வருவாள். பெரியப்பா வரமாட்டார். வெளிநாட்டில் இருப்பவர்களோடு அவர் பேசக்கூடாதாம், வேலை அப்படியாம். ஆனால் பெரியம்மா பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் வரும். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையைப் பெரியம்மா பக்கம் நீட்டும். சில நாள் ஒரு இருமல் கேட்கும். மேடம் உடனே, “சாப்பிட்டேன், நன்றாகச் சாப்பிட்டேன்” என்று பெரியம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள். அந்தப் பதில் அந்தக் கைக்குப் போய்ச் சேரும். அம்மா கேமராவுக்குள் தலையை நுழைத்து, “நைனாவ வரச் சொல்லு, மூஞ்சியக் காட்டச் சொல்லு” என்பாள். வளர்த்தவரும் அப்பாதான் என்று அம்மா அவரை நைனா என்பாள். அவர் வரவே மாட்டார். முகம் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததால், மேடம் ஒரு பழைய படத்தை என் கைபேசிக்கு அனுப்பினாள். பனியன் மாதிரி ஒரு சட்டை, அகலமான முகம், தோளின் மேல் நாலு வயது மேடம்.

என்ன வேலை என்று கேட்டதற்கு, மிலிட்டிரியில் சாமான் வாங்கிக் கொடுக்கிற வேலை என்று சொன்னாள். நான் ஏதோ கிடங்கு குமாஸ்தா என்று நினைத்தேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். அவர் லெப்டினன்ட் ஜெனரல் என்பதும், அவர் கையெழுத்தில்லாமல் ஒரு படைப்பிரிவுக்குக் குளிர் சட்டைகூடப் போகாது என்பதும் எனக்குத் தெரிந்தது அவர் காணாமல் போன பிறகுதான்.

அங்கே ஒருவர் வீழ்ந்துவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதோ பெரிய கூட்டம் தொலைக்காட்சியில் வந்தது. மேடம் கேன்டீனில் உட்கார்ந்து அதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஜெனரல்கள் உட்காரும் வரிசையில் பெரியப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறொருவர் இருந்தார். காலி நாற்காலி இல்லை, அதுதான் பயங்கரம். நம் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் வரவில்லை என்றால் நாற்காலி காலியாகக் கிடக்கும், உடம்பு சரியில்லையாம் என்று பேசிக்கொள்வோம். அங்கே ஆளை எடுத்துவிட்டு வரிசையை நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். கடந்த சில ஆண்டுகளாக அந்தப் படையின் உச்சியில் ஒருவர் பின் ஒருவராக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், பாதுகாப்பு அமைச்சர்களாக இருந்தவர்கள்கூட. ஊழல் ஒழிப்பு என்று பெயர். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு கடுமையான ஒழுங்கு மீறல் என்று ஒற்றை வரிச் செய்தி வரும். மேடம் தன் கைபேசியில் தேடப் பயந்து என்னுடையதில் தேடச் சொன்னாள். அவர் பெயரில் இருந்த பக்கம் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியம்மா வந்தாள். ஓரத்தில் கை இல்லை. “உன் பெரியப்பா வெளியூர் போயிருக்கிறார். நம் வீட்டை நன்றாகச் சுத்தம் செய்தார்கள், பழைய ஆல்பங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீயும் உன் போனைச் சுத்தம் செய். பழைய படங்கள் வீணாக இடத்தை அடைக்கின்றன” என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதை நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். அழைப்பு முடிந்ததும் மேடம் சிவப்பு நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன்னுடையதை முடித்துவிட்டு என் கைபேசிக்கும் கை நீட்டினாள். தோளில் குழந்தையோடு நின்ற அந்தப் படத்தையும் அழித்தாள். அது ஏற்கெனவே என் தங்கையின் கைபேசிக்குப் போயிருந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை.

அவள் முகம் கழுவப் போனபோது அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பொண்ணு இன்னாடா பண்ணிக்கினு கீது? சாப்ட்டதுல இருந்து தலை நிமிரல.”

“அவங்க பெரியப்பாவப் புடிச்சிக்கினு போய்ட்டாங்கம்மா.”

“எந்த ஸ்டேஷன்ல வச்சிக்கினு கீறாங்க?”

“தெரியாது.”

“வக்கீல் இன்னா சொல்றாரு?”

“இப்ப வக்கீல்லாம் வைக்க முடியாது.”

“சோறு யாரு கொண்டு போறாங்க?”

“யாரும் போவக்கூடாது. எப்ப வுடுவாங்கன்னும் தெரியாது. வேற எதுவும் கேக்காத.”

அம்மா கேட்கவில்லை. அம்மா கேள்வி கேட்பதை நிறுத்தினால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. மேடம் எப்போதும்போல வந்தாள், இயந்திரத்தைத் திறந்தாள், மூடினாள். ஆனால் அவள் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தால் நான் திடுக்கிட்டேன். அவள் அழவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உடன் வந்த சீனப் பொறியாளர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். அவளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்கு நகர்ந்தார்கள். பொல்லாத ஆட்கள் என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் சாம்பாரைத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். வாசலிலேயே நாலைந்து ஜோடி செருப்பு கிடந்தது. குழம்பு வாசனை இல்லை. உள்ளே நுழைந்தால் பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பாவின் படமும் தாத்தாவின் படமும் மாட்டியிருக்கும் சுவரில் மூன்றாவதாகப் புதுசாக ஒரு படம். அதற்குச் சாமந்தி மாலை. கீழே முக்காலியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. வான நீலத்தில் பின்னணி, கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரர் போட்டுக்கொடுக்கும் அதே கோட்டுதான், என் அப்பாவும் அதைத்தான் போட்டிருக்கிறார். செத்தவர் படத்தில் உயிரோடு இருக்கும் குழந்தை இருக்கக்கூடாது என்பதால் தங்கையின் கைபேசியிலிருந்து போன அந்தப் பழைய படத்தில் தோளில் இருந்த மேடத்தை ஸ்டுடியோக்காரர் எடுத்துவிட்டிருந்தார். சீனப் படையின் லெப்டினன்ட் ஜெனரல் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மேடத்தின் தோளைக் கட்டிக்கொண்டு, “பெத்தவன் போனாலும் வளத்தவன் கீறான்னு இருந்தியே தாயே” என்று குரலெடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடத்துக்குத் தமிழில் அம்மா, மீன், போதும் என்ற மூன்று வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் மாலை போட்ட படத்துக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவள் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ. அவர்கள் தோள்களுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

“எப்போது?” என்று சீனத்தில் கேட்டாள். “எனக்கு முன்னால் உனக்கு எப்படித் தெரிந்தது?”

இல்லை, இல்லை, ஒன்றும் தெரியாது, செய்தி எதுவும் வரவில்லை என்று நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த நல்ல சீனமெல்லாம் அந்த நேரத்தில் கையை விட்டு ஓடிவிட்டது. என் அம்மா தப்பாகப் புரிந்துகொண்டாள், அவர் உயிரோடு இருக்கிறார், குறைந்தபட்சம் சாகவில்லை, சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன் என்று உளறினேன். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற?” என்று கத்தினேன். அம்மா திகைத்துப் போனாள். “நீதானேடா சொன்ன? ஸ்டேஷன் இல்ல, வக்கீல் இல்ல, சோறு கொண்டு போவ முடியாதுன்ன. அப்டி ஒரு எடம் சுடுகாடுதானே? அந்நியர் வூட்ல அழக்கூடாதுன்னு பொண்ணு மறைக்குதுன்னு நெனச்சேன்” என்றாள். யாரும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள்.

மேடம் அப்படியே பாயில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அப்புறம் அழுதாள். நாள்கணக்கில் அடக்கிவைத்தது. அவள் நாட்டில் அப்படிப் போனவருக்காக அழுதால் அழுகிறவருக்கும் ஆபத்து. செத்தால் அழலாம், கைதானால் வாதாடலாம், இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அவரை வைத்துவிட்டார்கள். என் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி அவரைச் சாகடிப்பதாக இருந்தது. தப்புதான். ஆனால் அந்தத் தப்பு நடந்திராவிட்டால் மேடம் எங்கே உட்கார்ந்து அழுதிருப்பாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அழுது முடித்து, மாலையை எடுக்கச் சொன்னாள். அம்மா பதறிப்போய் எடுத்தாள். விளக்கை மலையேற்றினாள். “உசுரோட கீற மனுசனுக்கு மாலை போட்டுட்டனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, “ஒண்ணும் ஆவாது, பொய்யா சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லு” என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். நான் சொன்னேன். படத்தையும் ஆணியிலிருந்து கழற்றி மேடத்தின் மடியில் வைத்தேன். தங்கையின் கைபேசியில் இருந்ததை அப்போதே அழித்தோம். ஸ்டுடியோவில் தினமும் அழித்துவிடுவார்கள். ஆக, அந்த மனிதரின் முகம் அவருடைய குடும்பத்துக்கென்று இருந்த கடைசி இடம் அந்தச் சட்டத்துக்குள்தான். அதுவும் அவருடையதல்லாத கோட்டில். மேடத்துக்கும் அது தெரிந்தது. உடைத்து எரித்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். நெடுநேரம் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, “இருக்கட்டும். மாலை மட்டும் வேண்டாம்” என்றாள்.

பெண்கள் கலைந்தபின் அம்மா அவளுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள். அவள் சாப்பிடும்போது அம்மா நேராகக் கேட்டாள்: “நைனா லஞ்சம் வாங்கனாரா?”

நான் மொழிபெயர்க்காமல் இருந்தேன். மேடம் விடவில்லை, என்ன கேட்டார் என்றாள். சொன்னேன். அவள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். நிலாப் பண்டிகை வந்தால் வீட்டுக்கு நிறையப் பேர் பலகாரப் பெட்டி கொண்டுவருவார்களாம். வந்தவர்கள் இருக்கும்போது பெட்டியைத் திறக்கக்கூடாது என்று பெரியம்மா அடித்துச் சொல்லி வளர்த்திருக்கிறாள். திறக்காத பெட்டிகள் கட்டிலுக்கடியில் போகும். “அதில் பலகாரம்தான் இருந்தது என்று நான் நம்பினேன். பெரியவள் ஆன பிறகும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது” என்றாள். பிறகு, “என்னைத் தோளில் தூக்கியபோது அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அப்போது நாங்கள் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தோம்” என்றாள். அம்மா இதைக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றினாள்.

சித்தப்பாவுக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கு எல்லையில் பனியில் நின்றவர். மறுவாரமே வந்து சுவருக்கு எதிரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். “எங்கண்ணன் போட்டோ பக்கத்துல சைனாக்கார ஜெனரலா? நான் எவன் மூஞ்சியப் பாத்துக்கினு துப்பாக்கியோட நின்னனோ அவனுக்கு நீ விளக்கு ஏத்தறியா அண்ணி?” என்றார். அம்மா, “விளக்கு ஏத்தல, மாட்டி மட்டும்தான் கீது” என்றாள். சித்தப்பா அதோடு விடவில்லை. மேடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

“சைனாவோ இந்தியாவோ, அத்த வுடு. பொருள் வாங்கற ஆபீசர் கை வச்சான்னா பனியில நிக்கறவன் காலு போவும். பூட்ஸ்ல ஒரு தையல் கொறஞ்சா போதும். அங்க எதிர்ல நின்னதும் சின்னப் பசங்கதான். எங்களாட்டமே காலை ஒதறிக்கினு நின்னானுங்க. அந்தப் பசங்க காலத் துன்னவன்னா, இவன மாட்டி வைக்கறது தப்பு. கேளு இந்தப் பொண்ணுகிட்ட.”

நான் மேடத்திடம், சித்தப்பாவுக்கு எல்லைப் பழைய நினைவு, அதனால் கோபப்படுகிறார் என்றேன். இருவருக்கு நடுவே வாயாக நிற்கிறவன் செய்யக்கூடாத வேலை. அவள் என்னையே பார்த்தாள். “அவர் நிறையப் பேசினார். நீ கொஞ்சமாகச் சொல்கிறாய்” என்றாள். வேறு வழியில்லாமல் பூட்ஸைச் சொன்னேன், தையலைச் சொன்னேன், எதிரே காலை உதறிக்கொண்டு நின்ற பையன்களைச் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். சித்தப்பாவைப் பார்த்து, “அவர் சொல்வது சரி” என்றாள். “சரி என்று சொல். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்றும் சொல்.”

சித்தப்பா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவருக்கு எதிராளி கிடைக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். அம்மாதான் குறுக்கே புகுந்தாள். “அவரு தப்பு பண்ணாருன்னா அவங்க கவர்மென்ட்டு கேக்கட்டும். இவ வளத்தவரு மூஞ்சியப் பாக்க இவளுக்கு ஒரு செவுரு வேணுமா வேணாமா? உங்கண்ணன் இன்னா உத்தமனா? ஏரி மீன் ஏலத்துல அவரு பண்ணதெல்லாம் எனக்குத் தெரியாதா? மாட்டித்தான வச்சிக்கீறேன்” என்றாள். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றுவரை அந்த மீன் ஏலம் தெரியாது. கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. மேடம் சொன்ன வசதி எனக்கும் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறவர்களை உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். மேடத்தை நான் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. சோழர் காலத்து அந்தக் கல்லில், பொதுச் சொத்துக்குக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களும் பதவிக்கு வரக்கூடாது என்று வரிசையாக உறவுமுறை சொல்லி வெட்டி வைத்திருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டால் சொல்ல வேண்டியவன் நான்தானே.

இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் மேடத்தின் வேலை முடிந்தது. திரும்பிப் போக வேண்டாம், வேறு நாட்டில் வேலை தேடு என்று நான் சொல்லிப் பார்த்தேன். உனக்கு மேல் எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி சிரித்தாள். பெரியம்மா தனியாக இருக்கிறாள் என்றாள். புறப்படும் நாளில் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஆணியில் மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். கொண்டுபோக முடியாது. அங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறப்பார்கள், கைபேசியையும் திறப்பார்கள். அம்மா கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தாள். அதைப் பிடுங்கினார்களா தெரியவில்லை.

அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் அனுப்பவில்லை. என்னுடைய வாழ்த்து ஒன்று அவளுக்கு வினையாகிவிடுமோ என்ற பயம். காலையில் எழுந்ததும் அந்த நாட்டுச் செய்தியைத் திறப்பது ஒரு வியாதியாகப் பிடித்துக்கொண்டது. வேறு ஜெனரல்களின் பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படங்களை அழித்திருப்பார்கள் என்று தோன்றும். ஹாலைக் கடக்கும்போது சுவரைப் பார்ப்பேன். சில நாள் அந்த முகத்தின்மேல் கோபம் வரும். இவ்வளவு பெரிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன்யா வாங்கினாய் என்று கேட்கத் தோன்றும். சில நாள் ஆரஞ்சுச் சுளையை நீட்டிய கை நினைவுக்கு வரும். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

போன மாதம் அந்த ஒற்றை வரி வந்தது. லஞ்சம் வாங்கியது நிரூபணமானது, மரண தண்டனை, ஈராண்டு நிறுத்திவைப்பு. அங்கே இப்படி ஒரு தண்டனை உண்டு. இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் கொல்லமாட்டார்கள், ஆயுள் முழுக்கச் சிறை. அம்மாவிடம் சொன்னேன். “அப்ப கீறாரா, இல்லியா?” என்றாள். எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் முழுக்கப் புரிந்ததாகச் சொல்லமுடியாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கைபேசி அடித்தது. மேடம். இளைத்திருந்தாள், முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏரி நிரம்பியதா, அம்மாவின் முழங்கால் எப்படி, என்ன மீன் என்று கேட்டாள். நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன். பிறகு சாதாரணமாக, “வீடு வெள்ளையடித்தீர்களா? சுற்றிக் காட்டு பார்க்கலாம்” என்றாள்.

எனக்குப் புரிந்தது. கைபேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சமையலறை வாசலைக் காட்டினேன். நாட்காட்டியைக் காட்டினேன். அப்பாவின் படம், தாத்தாவின் படம். அப்புறம் கைபேசியை அங்கேயே நிறுத்தினேன். திரையில் மேடம் நகர்ந்து இடம் விட்டாள், பின்னாலிருந்து பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். அம்மா என் பின்னால் நின்றுகொண்டு, “நைனா நல்லாத்தான் கீறாருன்னு சொல்லுடா, தினமும் தூசி தட்டறேன்னு சொல்லு” என்று என் முதுகில் குத்தினாள். யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ. அம்மா உங்களைச் சாப்பிட வரச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

பெரியம்மா தலையாட்டினாள். கண்ணை எடுக்கவில்லை. பிறகு விரலை நீட்டி, அவர் காது இருக்கும் இடத்தைத் தன் திரையில் தொட்டாள். “இங்கே கொஞ்சம் பெரிதாக்கு” என்றாள். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். தினமும் பார்க்கிற படம், தினமும் அம்மா தூசி தட்டுகிற படம், ஆனாலும் எங்கள் இருவர் கண்ணிலும் அது பட்டதே இல்லை. ஸ்டுடியோக்காரர் தோளிலிருந்த குழந்தையை எடுத்துவிட்டிருந்தார். ஆனால் அவர் காதைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையின் இரண்டு விரல் நுனிகள் அப்படியே நின்றிருந்தன. வான நீலத்துக்குள்ளிருந்து வந்து காதைப் பற்றியிருந்தன.

“நகம் எவ்வளவு நீளம்” என்று பெரியம்மா மேடத்தைக் கடிந்துகொண்டாள். “நான் வெட்டியே விடவில்லை போலிருக்கிறது. வலித்திருக்கும்.”

யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. கை வலிக்கும், மாற்றிப் பிடித்துக்கொள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் மாற்றவில்லை.